மனசுக்கு மருந்து சரி, மண் யாருக்கு?

பூர்வகுடிப் பிள்ளைகள் ஏன் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று கேட்டால் படித்தவனிடம் பதில் தயாராக இருக்கிறது. “மனசு பலவீனம், குடி, வளர்ப்பு சரியில்ல.” தோழர்களே, இந்தப் பேச்சை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா? விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோகித் வெமுலா 2016இல் ஐதராபாத்தில் இறந்தபோது, அரசு அமைத்த விசாரணை ஆணையம் “சொந்தக் காரணம்” என்றுதான் எழுதி முடித்தது. செத்தவன் மீதே குற்றப்பத்திரிகை. அதனால்தான் கனடாவைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

கனடா அரசின் புள்ளியியல் துறை 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2016 வரை ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் எனப்படும் பூர்வகுடிகளிடம் தற்கொலை விகிதம் பூர்வகுடி அல்லாதவர்களைப் போல 3 மடங்கு. இனுயிட் மக்களிடம் 9 மடங்கு. இந்த எண்களைத்தான் எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் சமூகங்களில் நூற்றுக்கு 60க்கு மேல் அந்த ஆய்வில் ஒரு தற்கொலைகூடப் பதிவாகவில்லை. சாவு அந்த மக்களோட ரத்தத்துல இருந்தா எல்லா ஊர்லயும்தானே இருக்கணும்?

பிறகு எது ஊரைப் பிரிக்கிறது? சாண்ட்லர், லலாண்ட் என்ற இரு உளவியலாளர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏறத்தாழ 200 பூர்வகுடிச் சமூகங்களை ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் ஆறு. நிலத்துக்காகப் போராடுகிற ஊரா? தன்னாட்சி உண்டா? பள்ளிக்கூடம் யார் கையில்? மருத்துவம் யார் கையில்? காவலும் தீயணைப்பும் யார் கையில்? பண்பாட்டுக்கென்று ஓர் இடம் உண்டா? ஆறும் இருந்த ஊர்களில் அந்த ஆய்வுக் காலத்தில் ஓர் இளைஞர்கூடத் தற்கொலையால் சாகவில்லை. ஒன்றுமே இல்லாத ஊர்களில் சாவு மிக அதிகம். தாய்மொழி பாதிப் பேருக்காவது பேச வருகிற ஊர்களில் இளைஞர் தற்கொலை ஏறக்குறைய இல்லை என்று 2007இல் மீண்டும் எழுதினார்கள்.

அந்த மொழியைப் பிடுங்கியது யார்? சுமார் 1,50,000 பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தது அரசும் திருச்சபைகளும். அது பண்பாட்டு இனப்படுகொலை என்று அந்நாட்டு உண்மை ஆணையமே 2015இல் சொல்லிவிட்டது.

ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே அட்டவாபிஸ்கட் என்று ஓர் ஊர். கிரீ மக்கள் ஏறத்தாழ 2000 பேர். 1979இல் பள்ளிக்கூடத்தின் கீழே டீசல் கசிந்து மண் கெட்டது. 2000இல் பள்ளியை மூடினார்கள். புதுப்பள்ளி வந்தது 2014இல். அதுவரை பிள்ளைகள் படித்தது தற்காலிக அறைகளில். இதற்கு நடுவில் 2008இல் அந்த ஊருக்கு மேற்கே வைரச் சுரங்கம் திறந்துவிட்டார்கள். வைரம் தோண்ட வழி இருந்தது, வகுப்பறை கட்ட வழி இல்ல! 2016 ஏப்ரலில் ஒரே நாளில் 11 பேர் உயிரை விட முயன்றார்கள். ஊர் மன்றம் நெருக்கடி நிலை அறிவித்த பிறகுதான் அரசு மனநல ஆலோசகர்களை அனுப்பியது.

ஆலோசகர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ராத்திரியில் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கட்டாயம் வேணும். ஆனால் அந்த ஆள் யார், அவரை அனுப்புவது யார் என்று கேட்கிறேன். அமெரிக்காவில் அரிசோனாவின் வெள்ளைமலை அப்பாச்சி மக்கள் தாங்களே சட்டம் போட்டார்கள். யாராவது தற்கொலைக்கு முயன்றால், அதைப் பற்றிப் பேசினால்கூட, உடனே தகவல் தரணும். அப்பாச்சி ஊழியரே வீடு தேடிப் போவார், பேசுவார், சிகிச்சைக்குச் சேர்ப்பார். 2001–2006 காலத்தோடு ஒப்பிட்டால் 2007–2012இல் அங்கே தற்கொலைச் சாவு சுமார் 38 சதவீதம் குறைந்தது. தன் சனத்தைக் காப்பாற்றும் அதிகாரம் தன் கையில் இருந்தபோது நடந்தது இது.

மாணவத் தோழர்களே, கல்லூரியில் ஆலோசனை மையம் திறந்து ரிப்பன் வெட்டுகிறவர்களிடம் கேளுங்கள்: விடுதி நிர்வாகத்தில் எங்க ஆள் எத்தனை பேர்? ஆசிரியர் பணியிடத்தில் எத்தனை பேர்? உதவித்தொகை எப்போ வரும்? இந்தப் பதில்களும் தற்கொலைத் தடுப்புதான். பதில் வரும்வரை, துவண்டுபோன ஒரு தோழரையும் தனியா விடாதீங்க. கூப்பிட்டுப் பேசுங்க, கூடவே இருங்க, மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க. நம்ம சனம் உயிரோட இருக்கிறதே இங்கே ஒரு போராட்டம்.