ஆறடிச் சங்கிலியில் கரிசல் காடு

திருச்சி கே.கே. நகரில் இப்போது தெருவுக்கு ஒரு வேட்டை நாயைப் பார்க்க முடிகிறது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், எங்காவது ஒரு கோம்பை. மொட்டை மாடியிலும் போர்ட்டிகோவிலும் கேட்டுக்குப் பின்னாலும் ஆறடிச் சங்கிலியில் அவை நிற்கின்றன. வளர்ப்பவரைக் கேட்டால் பெருமையாகச் சொல்வார்: "நம்ம பாரம்பரியம் சார். நாம வளக்கலைன்னா அழிஞ்சு போயிடும்." இந்த வாக்கியத்தோடுதான் என் சண்டை. நாம் வளர்க்கிற விதத்தில்தான் அது அழிகிறது என்பது என் கட்சி.

வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க ஓயாமல் விவாதிக்கும் கேள்வி ஒன்று உண்டு. நாய் தன் ஆளை விட்டு எவ்வளவு தூரம் போகலாம்? நம்மூரில் அதை யாரும் கேட்பதில்லை. நிறம் என்ன, மூக்கு ரோஸா கறுப்பா, குட்டி என்ன விலை, இத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் வேட்டை நாயின் கால், நெஞ்சுக்கூடு, கண், மூக்கு, குணம் எல்லாமே அந்த ஒரு கேள்விக்கு ஒரு நிலம் சொன்ன பதில்கள்.

ஐரோப்பாவின் பாயிண்டரை எடுத்துக்கொள்வோம். புல்லில் பதுங்கியிருக்கும் கவுதாரியின் வாசனை காற்றில் வந்ததும் அது சிலைபோல நின்றுவிடும். பறவையும் அசையாது. வேட்டைக்காரர் நடந்து வந்து சேரும்வரை நாய் அப்படியே நிற்கும். ஸ்பானியல் வேறு ரகம். அது பறவையைக் கிளப்பி விடும். சிதறுகுண்டுத் துப்பாக்கி ஏறக்குறைய 35, 40 மீட்டருக்குத்தான் உருப்படியாகச் சுடும் என்பதால், ஸ்பானியல் ஆளிடமிருந்து 20, 25 மீட்டருக்குள் வேலை செய்தாக வேண்டும். நின்று காட்டும் பாயிண்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. திறந்த மேட்டுநிலத்தில் அது 200, 300 மீட்டர்கூடப் போகலாம்.

அதே பாயிண்டரை அடர்ந்த காட்டுக்குள் விட்டால் கதை மாறிவிடும். 50 மீட்டர் தாண்டினாலே நாய் எங்கே நிற்கிறது என்று தெரியாது. அதனால்தான் காட்டில் வேட்டையாடியவர்கள் நாயின் கழுத்தில் மணி கட்டினார்கள். மணிச்சத்தம் நின்றால் நாய் எதையோ கண்டு நின்றுவிட்டது என்று பொருள். வயலும் தோப்பும் காடும் கலந்து கிடந்த ஜெர்மனியில், 19ஆம் நூற்றாண்டில், ஆளை விட்டு அதிகம் விலகாமல் எல்லா வேலையும் செய்யும் நாயாகக் குட்டைமுடிப் பாயிண்டரை உருவாக்கினார்கள். ஆக, தூரம் என்பது நாய்க்குள் எழுதி வைத்திருக்கும் எண் அல்ல. நிலமும் ஆளும் நாயும் சேர்ந்து செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். வெள்ளைக்காரன்கூட இதைப் புரிந்துகொண்டிருந்தான். அவனுடைய ஃபாக்ஸ்ஹவுண்டுகள் நரி விரட்டியது ஊட்டியின் வென்லாக் புல்வெளியில். அங்கே குளிரும் இருந்தது, கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் இருந்தது.

நம் நாய்களுக்கு வருவோம். கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலைப் பக்கத்துக் கரிசல் காட்டை அறுவடை முடிந்தபின் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மைல் தூரத்தில் போகிற ஆடு தெரியும். சிப்பிப்பாறையும் கன்னியும் அந்த வெட்டவெளியின் பிள்ளைகள். மூக்கைவிடக் கண்ணை நம்பும் நாய்கள் அவை. முயல் எழுந்த கணத்தில் பாயும். ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஆனால் அந்தச் சில நிமிடங்களில் அரை மைல் கடந்திருக்கும். நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு எல்லாம் அதற்காக. ஓடும்போது நாம் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. ஏற வேண்டிய அவசியமும் அங்கே இல்லை. எவ்வளவு தூரம் போனாலும் ஆளின் பார்வைக்குள்தான் இருக்கிறது. கோம்பை நேர் எதிர். தேனிப் பக்கம் மலையடிவாரப் புதரில் காட்டுப்பன்றியை மறித்து நிறுத்தியது. அங்கே பார்வை எட்டாது, அதனால் தூரமும் இல்லை. கட்டான உடம்பும் பின்வாங்காத குணமும்தான் தேவை. இரண்டும் தமிழ்நாட்டு நாய்தான், ஆனால் இரண்டு நிலத்தின் நாய்கள்.

திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காவிரியைத் தாண்டி லால்குடி வரை போனால் வரப்பும் வாய்க்காலும் வாழையும். அங்கே எந்த நாயும் நாலு எட்டு வைத்து ஓட முடியாது. தெற்கே விராலிமலை தாண்டினால் செம்மண் பொட்டல். வடக்கே பெரம்பலூரில் கரிசல். துறையூருக்கு அப்பால் பச்சைமலை. சுற்றிலும் இத்தனை வகை நிலம் கிடக்கிறது. நடுவில் உட்கார்ந்துகொண்டு கரிசல் நாயை வாங்கி மாடிப்படிக்குக் கீழே கட்டுகிறோம்.

"பழகிக்கும் சார், நாய்தானே" என்பார்கள். பழகத்தான் செய்கிறது. பகல் முழுக்கத் தூங்கும் இனம்தான் இது. ஆனால் நாளுக்கு ஒரு தடவையாவது முழு வேகத்தில் ஓடியாக வேண்டிய உடம்பு. கே.கே. நகரில் சங்கிலியை அவிழ்த்தால் முதல் முனையிலேயே நாய் பார்வையிலிருந்து மறைந்துவிடும். பூனையைப் பார்த்துப் பாய்ந்தால் எதிரே புதுக்கோட்டைச் சாலை, லாரி. கரிசலில் குணமாக இருந்த அதே விஷயம் இங்கே ஆபத்து. அதனால் சங்கிலி அவிழ்வதே இல்லை. பிறகு நாய் குரைக்கிறது, கடிக்கிறது, செருப்பைக் கிழிக்கிறது. "முரட்டு நாய்" என்று பேர் வாங்குகிறது. குற்றவாளி நாயா?

"டவுன்காரன் வாங்கலைன்னா இனமே இருக்காதே" என்பது இரண்டாவது வாதம். 2005இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல் தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் நம் நாய்களின் பெயர்களைச் சொன்னார். மகிழ்ச்சி. ஆனால் இனம் என்பது தோல் நிறம் அல்ல. எந்த நாய் நன்றாக ஓடியதோ, எது வெயிலைத் தாங்கியதோ, அதன் குட்டியை வைத்துக்கொண்டார்கள். அப்படித் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வந்ததுதான் இனம். வேலையை எடுத்துவிட்டுப் பார்வைக்கு மட்டும் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் 1865இல் பாயிண்டர்களுக்கும் செட்டர்களுக்கும் களப்போட்டி தொடங்கியது. பக்கத்திலேயே அழகுப் போட்டியும் வளர்ந்தது. இன்று கண்காட்சி செட்டரும் களத்துச் செட்டரும் ஒரே பெயர் கொண்ட இரண்டு நாய்கள். ஒன்றின் முடி நீளம், மற்றதன் ஓட்டம் நீளம். நாமும் அந்த வழியில்தான் போகிறோம். தூய வெள்ளையும் ரோஸ் மூக்கும் வேண்டும் என்று அடம்பிடித்து, காது கேளாமல் பிறக்கும் ராஜபாளையம் குட்டிகளைப் பெருக்கியது யார்? கேட்டு வாங்கிய நாம்தான்.

"அப்படின்னா முயல் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" கூடாது. இதில் எனக்கு எந்த ஊசலாட்டமும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் வரையறையிலேயே, விலங்கை விரட்டிப் பிடிப்பதும் அடக்கம், அதற்கான முயற்சியும் அடக்கம். துப்பாக்கி இல்லை, நாய்தான் பிடித்தது என்பது சாக்கு ஆகாது. ராத்திரி டார்ச் லைட்டோடு போய் முயலைப் பிடித்து வீடியோ போடும் தம்பிகள் பாரம்பரியத்தைக் காக்கவில்லை. முயலுக்கே ஒதுங்க இடமில்லாத காலத்தில் அது வெறும் திருட்டு.

உண்மையில் இழந்தது நாயை அல்ல, நிலத்தை. வருவாய்த்துறைக் கணக்கில் பொட்டல் என்றால் "தரிசு". ஒன்றுக்கும் ஆகாதது என்று பொருள். அதனால் அதில் மனைக்கல் நடலாம், குப்பை கொட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மிச்சத்தைச் சீமைக் கருவேலம் மூடிவிட்டது. கண்ணை நம்பி ஓடும் நாய்க்கு அந்த முள்காட்டில் பார்வையும் இல்லை, பாதையும் இல்லை. கே.கே. நகரைத் தாண்டி ஓலையூர்ப் பக்கம் போனால் மனைக்கற்களைப் பார்க்கலாம். அந்த வெட்டவெளியை நம்பித்தான் முயலும் குள்ளநரியும் வானம்பாடியும் கௌதாரியும் இருந்தன, ஆடு மேய்ப்பவரும் அவர் நாயும் இருந்தார்கள். தரிசு என்ற சொல்லை எதிர்க்காமல் சிப்பிப்பாறையைக் காப்பாற்றுகிறேன் என்பது, குளத்தைத் தூர்த்துவிட்டுக் கெண்டையைப் பாட்டிலில் வளர்ப்பது மாதிரி.

என்ன செய்யலாம்? ஊருக்கு வெளியே வேலியிட்ட ரெண்டு ஏக்கர் இருந்தால், நாலு பேர் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து வாரம் சில நாள் நாய்களை ஓடவிடலாம். மோட்டாரில் கயிற்றைச் சுற்றி, நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி இழுத்தால் போதும், இந்த நாய்கள் முயலைப் போலவே அதைத் துரத்தும். வெளிநாடுகளில் இது ஒரு விளையாட்டு. உயிர்ப்பலி இல்லை. அதுவும் முடியாதவர்கள் கரிசலில் ஆடு மேய்ப்பவர்களிடமும் காட்டுவேலைக்காரர்களிடமும் இந்த இனங்களை விட்டுவிட்டு, அவர்கள் நாய்க்கான தடுப்பூசிச் செலவை ஏற்கலாம். பாரம்பரியத்துக்கு அது பெரிய உதவி.

வீட்டுக்கு நாய் வேண்டும் என்றால் தெருவிலேயே இருக்கிறது. கே.கே. நகர்த் தெருநாயின் எல்லை சில தெருக்கள்தான். எந்த வீட்டில் சோறு, எந்த முனையில் எதிரி, எந்த நேரத்தில் பஸ் என்று அது கற்றிருக்கிறது. இந்த நிலத்துக்கு ஏற்ற தூரத்தை அறிந்த நாய் அதுதான். கருத்தடை, தடுப்பூசி போட்டு ஒரு குட்டியை எடுத்து வளர்த்தால் அதற்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது. ஆனால் அதற்கு அஞ்சல் தலை இல்லை, விலை இல்லை, அதனால் பெருமையும் இல்லை.

குட்டி வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் "இது எவ்வளவு தூரம் ஓடும்?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். உங்களிடம் எவ்வளவு தூரம் இருக்கிறது? ஆறடிதான் என்றால், அந்தக் குட்டியை அது பிறந்த காட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.