அம்மாவின் சிலிப்பர்

தைப்பிங்கில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில், ஐஸ் பெட்டிக்கு முன்னால் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பர் கிடக்கும். வீட்டுக்குள் செருப்பே போடாத அம்மா, ஐஸ் பெட்டியைத் திறக்க மட்டும் அதை மாட்டிக்கொள்வார். "வெறுங்காலோட தொட்டா சுர்ருன்னு இழுக்குதுப்பா. பழகிப்போச்சு" என்பார். நானும் பல ஆண்டுகள் கேட்டுவிட்டுச் சும்மாதான் இருந்தேன்.

போன விடுமுறையில் என் மகள் தவழ்ந்துபோய் அந்தக் கதவைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். அன்று மாலையே வயர்மேனை அழைத்துவிட்டேன்.

1970-களில் கட்டிய வீடு. பழைய பீங்கான் ஃபியூஸ். சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். சிவப்பில் வரும் மின்சாரம் கறுப்பில் திரும்பும். பச்சையில் சாதாரணமாக எதுவும் ஓடாது. கசிவு ஏற்பட்டால் அதை மண்ணுக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. ஐஸ் பெட்டியின் பிளக் பாயிண்டில் மூன்று துளைகள் இருந்தன. பின்னால் பச்சை வயரே இல்லை. கசிவுக்கு அம்மாவின் உடம்புதான் வழி.

துணி துவைக்கும் இயந்திரத்தின் பாயிண்டைத் திறந்ததும் வயர்மேனின் முகம் மாறியது. நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருந்தார்கள். முன்பு இதுவும் 'இழுத்தபோது' தெரிந்தவர் ஒருவர் செய்த வைத்தியம்.

"ரெண்டும் கடைசியில மண்ணுக்குத்தானே போகுது?" என்றேன்.

"கறுப்பு வயர் எங்கயாச்சும் கழண்டுச்சுன்னா, திரும்ப வழியில்லாம 230 வோல்ட்டும் இந்தத் துண்டு வழியா மெஷின் உடம்புக்கு வந்துடும் அண்ணே. மெஷின்ல ஒரு கோளாறும் இருக்காது. தொட்டவரு இருக்க மாட்டாரு."

இப்போது எல்லாப் பாயிண்டுக்கும் புது எர்த் வயர், வெளியே மண்ணில் எர்த் கம்பி, பெட்டியில் 30 மில்லியம்பியர் ஆர்சிசிபி, வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லியம்பியர். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டால் ஆர்சிசிபி உடனே துண்டித்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆனால் அது ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எர்த் வயர் இல்லாத வீட்டிலும் பொத்தான் 'டக்' என்று விழும். எர்த்தைச் சோதிக்க, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் கருவியோடு வர வேண்டும்.

ஊரில் அம்மாவோ பாட்டியோ "லேசாத்தான் இழுக்குது" என்று சொன்னால், சிலிப்பர் வாங்கிக் கொடுக்காதீர்கள். வயர்மேனைக் கூப்பிடுங்கள்.