வடசென்னைக் குழந்தைகளின் மனநலச் சிகிச்சையில் உள்ள தடைகளை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
தனியார் குழந்தை, வளரிளம் பருவ மனநல மருத்துவர்கள் சங்கம்,
ராயபுரம், சென்னை – 13.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 9.

பொருள்: புறநோயாளர் மனநலச் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கு மருந்து, சான்றிதழ், காப்பீடு கிடைக்க வழிசெய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ராயபுரம் முதல் எண்ணூர் வரை கிளினிக் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துவரும் மனநல மருத்துவர்கள் நாங்கள். எங்களிடம் வருவோரில் பலர் காசிமேட்டு மீனவர், துறைமுகச் சுமைத் தொழிலாளர், மணலி ஆலை ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பெற்றோரின் அன்றாடக் கூலி கெடாதிருக்கவே மாலையில் ஓ.பி. பார்க்கிறோம். நோயறிதல் எங்கள் அறையில் முடிந்துவிடுகிறது. மருந்துக்கும் சான்றிதழுக்கும்தான் அவர்கள் அலைகிறார்கள். எனவே கீழ்க்கண்ட கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

1. கவனக்குறைவு–மிகைச்செயல்பாட்டுக் கோளாறு (ஏ.டி.ஹெச்.டி.) உள்ள பிள்ளைகளுக்கு எழுதும் மெத்தில்ஃபெனிடேட், மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் வருகிறது. விற்கத் தனி உரிமம் வேண்டும். சீட்டு இரு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கட்டுப்பாடு தேவையானதே. ஆனால் இதை இருப்பு வைக்கும் கடைகள் இப்பகுதியில் அரிது. திருவொற்றியூர்த் தாய் ஒருவர் சீட்டும் கையுமாக நகரம் முழுக்கக் கடை ஏறி இறங்குகிறார். கிடைக்காத வாரம் மாத்திரை நின்றுவிடுகிறது, வகுப்பிலிருந்து மறுபடி புகார் வருகிறது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரில் தலா ஒரு மருந்தகத்திலாவது இது கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

2. கற்றல் குறைபாடு, ஆட்டிசம் இரண்டையும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஏற்றுள்ளது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் முதலிய சலுகைகளுக்கு அரசு மருத்துவரின் சான்று வேண்டும். எங்கள் மதிப்பீட்டு அறிக்கையை முதற்கட்ட ஆவணமாக ஏற்று, ஸ்டான்லி மருத்துவமனையில் மாதமொரு சனிக்கிழமை சான்றிதழ் முகாம் நடத்த வேண்டும். சுழற்சி முறையில் ஊதியமின்றி வந்து உதவ நாங்கள் தயார்.

3. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூர்ப் பள்ளியொன்றில் வாயு நெடியால் மாணவியர் மயங்கி விழுந்தனர். மூச்சுத் திணறல் தீர்ந்தபின்னும் பள்ளி வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. ஆலை விபத்துகளுக்கான மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் பிள்ளைகளுக்கு ஆறு மாத மனநலத் தொடர்கவனிப்பைச் சேர்க்க வேண்டும்.

4. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 21(4) பிரிவு. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மருத்துவமனையில் படுக்கும் தேவையே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புறநோயாளர் ஆலோசனையையும் பேச்சுப் பயிற்சி போன்ற தெரபிகளையும் சேர்க்க வேண்டும்.

முதலிரண்டு கோரிக்கைகளுக்குப் புதிய சட்டமோ பெருநிதியோ வேண்டாம். துறை ஆணை போதும். இவ்வாண்டுப் பொதுத்தேர்வுச் சலுகை விண்ணப்பம் தொடங்குமுன் அவ்வாணையைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்

நகல்: பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர், மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர், சென்னை மாவட்ட ஆட்சியர்.