கோச்சை அனுப்பியாச்சு, அப்புறம்?

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். எல்.கே.ஜி.யில இருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு பெரிய கட்டுரை எழுதுறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா என்னைத் திட்டாதீங்க, எடிட்டரைத் திட்டுங்க. தப்பு நடந்தா பழியை யார் மேல போடுறதுங்கிறதுதான் இந்தக் கட்டுரையே.

எங்க காலேஜ் பஸ்ஸோட கடைசி சீட்டுல திங்கட்கிழமை காலையில ரெண்டு கட்சி உண்டு. மான்செஸ்டர் யுனைடெட் தோத்திருந்தா ஒரு கட்சி, "கோச்சைத் தூக்குங்கடா" என்கும். இன்னொரு கட்சி, "இந்த பிளேயர்ஸை வச்சுக்கிட்டு கடவுளே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்கும். 2024 அக்டோபர்ல டென் ஹாக்கை அனுப்பும்போது யுனைடெட் 14-வது இடம். புதுசா அமோரிம் வந்தார். சீசன் முடியும்போது 15-வது இடம். ரெண்டு கட்சியும் அன்னைக்கு அமைதியா வந்துச்சு.

யுனைடெட்டை விடுங்க. நம்ம சென்னையின் எஃப்.சி.யை எடுத்துக்குவோம். இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல சாம்பிள் கிடைக்காது.

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா மைதானத்துல ஐ.எஸ்.எல். ஃபைனல். பெங்களூரு எஃப்.சி.யை அவங்க மைதானத்துலயே 3-2னு ஜெயிச்சு சென்னையின் இரண்டாவது தடவையா சாம்பியன். கோச், ஜான் கிரகரி. அதுக்கு அடுத்த சீசன்ல அதே கோச், டீமும் பெரும்பாலும் அதே டீம். 18 மேட்ச்ல 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தம் 9 பாயிண்ட். பத்து டீம்ல பத்தாவது இடம்.

சாம்பியன் ஆன சீசன்ல 9 கோல் அடிச்ச ஜேஜே, அடுத்த சீசன்ல அடிச்சது ஒரே ஒரு கோல். அப்போ பிளேயர் கட்சி சொல்றது சரிதானேன்னு தோணும். வெளிக்கோட்டுக்கு நிக்கிற கோச்சா உள்ள வந்து கோல் அடிக்க முடியும்?

கொஞ்சம் பொறுங்க. கிரகரியை அனுப்பாம 2019-20 சீசனுக்கும் வச்சிருந்தாங்க. முதல் நாலு மேட்ச்ல ஒரு கோல் கூட இல்ல. ஆறு மேட்ச் முடிஞ்சப்போ 5 பாயிண்ட். அவரே விலகிட்டார். 2019 டிசம்பர்ல ஓவன் காய்ல் வந்தார். மிச்சம் இருந்த 12 மேட்ச்ல 24 பாயிண்ட். நாலாவது இடம் பிடிச்சு, செமிஃபைனல்ல கோவாவை ரெண்டு மேட்ச் கோலையும் கூட்டி 6-5னு தாண்டி, ஃபைனலுக்கே போயிட்டாங்க. வால்ஸ்கிஸ் அந்த சீசன்ல 15 கோல் அடிச்சு கோல்டன் பூட் வாங்கினார். ஃபைனல்ல ஏ.டி.கே.கிட்ட 3-1னு தோத்தது வேற கதை. கொரோனா பயத்துல ஆளே இல்லாத ஸ்டேடியத்துல நடந்த அந்த மேட்ச்சை, பத்தாவது பரிட்சைக்குப் படிக்கிறதா சொல்லிட்டு டிவியில பார்த்தேன். நல்லவேளை, எங்க பேட்ச் ஆல் பாஸ்.

லேப்ல நமக்கு என்ன சொல்லிக் குடுக்கிறாங்க? ஒரு விஷயத்தை மட்டும் மாத்து, மத்ததை அப்படியே வை, ரிசல்ட்டைப் பாருன்னு. சீசன் நடுவுல கோச்சை மட்டும் மாத்தினாங்க, ரிசல்ட் தலைகீழா மாறிடுச்சு. அப்போ தப்பு கோச் மேலதான். கேஸ் முடிஞ்சது.

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா அதே காய்ல் 2023-ல சென்னையினுக்குத் திரும்பி வந்தார். முதல் சீசன் ஆறாவது இடம். அடுத்து 2024-25ல 13 டீம்ல 11-வது இடம். மந்திரக்கோல் அவர் கையில இருந்திருந்தா அது எங்க போச்சு? கிரகரியும் அப்படித்தான். கப் வாங்கிக் குடுத்த மூளை ஆறு மாசத்துல எப்படிக் காணாமப் போகும்?

இந்த இடத்துல உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு கணக்கு வருது. ஒரு செமஸ்டர்ல உங்க ஃபிரெண்டுக்கு வழக்கத்தைவிட ரொம்ப மோசமா மார்க் வருது. வீட்ல டியூஷன் சேர்த்து விடுறாங்க. அடுத்த செமஸ்டர்ல மார்க் ஏறுது. டியூஷன் சாருக்குப் பேரு. ஆனா டியூஷன் போகலைன்னாலும் அவன் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஏன்னா அவன் அவ்வளவு மோசமானவன் இல்ல. அந்த செமஸ்டர்தான் மோசம். கோச்சை எப்போ மாத்துறாங்க? டீம் அடிமட்டத்துல கிடக்கும்போதுதான். அங்க இருந்து போறதுக்கு மேல மட்டும்தான் வழி.

நெதர்லாந்து லீக்ல 1986-ல இருந்து 2004 வரைக்கும் நடந்ததை பாஸ் டெர் வீல் என்கிற பொருளாதார ஆய்வாளர் எடுத்துப் பார்த்திருக்கார். கோச்சை மாத்தின டீமெல்லாம் முன்னேறியிருக்கு. சரி. ஆனா அதே மாதிரி சரிஞ்சு, கோச்சை மாத்தாம விட்ட டீமும் கிட்டத்தட்ட அதே அளவு முன்னேறியிருக்கு. இதைப் படிச்சப்போ எனக்கு சென்னையின் ஞாபகம் வரல. எங்க ஊரு டீம் ஞாபகம் வந்துச்சு.

நான் சூலக்கரைக்காரன். பிளஸ் டூ படிக்கும்போது எங்களுக்கு ஒரு டீம் இருந்துச்சு. ஒரு அண்ணன்தான் கோச். சிவகாசியில ஆஃப்செட் பிரஸ்ல வேலை. ஷிஃப்ட் முடிச்சுட்டு டி.வி.எஸ். எக்ஸெல்ல நேரா கிரவுண்டுக்கு வருவாரு. கையில மை கூட போயிருக்காது. பந்து வாங்கினதும் அவர் காசுதான். அந்த வருஷம் தீபாவளிக்கு அப்புறம் தொடர்ந்து அஞ்சு மேட்ச் தோத்தோம். எல்லாரும் கூடிப் பேசி, "அண்ணே, இனிமே நாங்களே பார்த்துக்கிறோம்"னு சொல்லிட்டோம். சொல்லச் சொல்லி அனுப்புனது என்னைத்தான். இங்கிலீஷ் மீடியம் பையன், பதவிசா பேசுவான்னு. அவரு, "சரிப்பா, பந்துக்குக் காத்து மட்டும் அடிச்சு வைங்க"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

அடுத்த மேட்ச் ஜெயிச்சோம். பார்த்தியா, அவருதான் பிரச்சனைன்னு பேசிக்கிட்டோம். அதுக்கு அடுத்த மூணும் தோத்தோம். அப்புறம் டீமே இல்ல.

உண்மையான காரணம் என்ன தெரியுமா? அது காலண்டர் சீசன். டீம்ல பாதிப் பேர் நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு, தூங்காம வந்து ஆடிக்கிட்டு இருந்தாங்க. செகண்ட் ஹாஃப்ல கால் நகராது. அது அண்ணன் தப்பும் இல்ல, அவங்க தப்பும் இல்ல. அண்ணனுக்கு அது தெரியும். ஏன்னா அவரும் அதே ஷிஃப்ட் பார்த்தவரு. நாங்கதான் கேக்கல.

சென்னையின் கதையிலயும் இந்த மாதிரி ஸ்கோர்போர்டுல தெரியாத விஷயம் இருக்கு. சாம்பியன் டீமோட நடுக்களத்தைத் தாங்கின வியாசர்பாடி தனபால் கணேஷ், அடுத்த சீசன்ல முழங்கால் காயத்தோட வெளிய இருந்தார். டிஃபென்ஸைக் கட்டிக் காத்த செரேனோ கிளம்பிட்டார். யாரை விடுறது, யாரை வாங்குறதுன்னு முடிவெடுக்கிறதுல மேல இருக்கிறவங்களுக்கும் பங்கு உண்டு. ஆனா சரிவு வந்தா மேல இருக்கிறவங்க யாரும் மாற மாட்டாங்க. 25 பேரை ஒரே நாள்ல மாத்த முடியாது, ஓனரை மாத்தவே முடியாது, கோச் ஒருத்தர்தான். அவரை மாத்துறது நியாயம்னு மாத்துறதில்ல, சுலபம்னு மாத்துறாங்க.

அதுக்காக கோச்சுக்குப் பங்கே இல்லைன்னு நான் சொல்லல. யாரை எங்க ஆட வைக்கணும், ஓடாதவனை எப்போ உட்கார வைக்கணும் என்கிறது அவர் கையில இருக்கு. நாலு மேட்ச் கோலே இல்லாம போச்சுன்னா அவர் பதில் சொல்லித்தான் ஆகணும். பிளேயரும் தப்பிக்க முடியாது. பந்தை விட்டுட்டு நடந்து வர்றதுக்கு எந்த கோச்சும் காரணம் இல்ல. என் பாயிண்ட் வேற. பொறுப்பு வேற, பழி வேற. பொறுப்பு பதவியோட சேர்ந்து வர்றது. கிரகரி விலகினது பொறுப்பு. பழின்னா காரணத்தைத் தேடிப் பார்த்துட்டுப் போடணும். நாம என்ன பண்றோம்னா, பொறுப்புல இருக்கிறவர் கிளம்பினதும் காரணமும் கிளம்பிடுச்சுன்னு நினைச்சுக்கிறோம்.

நம்ம பக்கத்துல வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டாசு ஆலையில விபத்து நடந்தா மறுநாள் பேப்பர்ல 'போர்மேன் கைது'ன்னு படிச்சிருப்போம். ஒரு ரூம்ல அனுமதிச்ச அளவுக்கு மேல ஆள், அளவுக்கு மேல மருந்து, உள்குத்தகை, சீசன் அவசரம் எல்லாம் அடுத்த வருஷமும் அப்படியே இருக்கும். கால்பந்தையும் உயிரையும் ஒரே தராசுல வைக்கல. ஆனா பழியை ஒரு ஆள் மேல வச்சுட்டு வீட்டுக்குப் போற பழக்கம் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

இன்னும் சில மாசத்துல நாமளும் ஏதோ ஒரு கம்பெனியில ஏதோ ஒரு டீம்ல இருப்போம். புராஜெக்ட் சொதப்பும். யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லச் சொல்லி மீட்டிங் போடுவாங்க. அப்போ பேரைச் சொல்றதுக்கு முன்னாடி, அந்த ஆளு எந்த ஷிஃப்ட் பார்த்துட்டு வந்தார்னு ஒரு கேள்வி கேளுங்க.

போன பொங்கலுக்கு அந்த அண்ணனை பஸ் ஸ்டாப்ல பார்த்தேன். மன்னிப்பு கேட்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அவரே, "என்னப்பா, இப்ப எந்த டீம்ல ஆடுற?"ன்னு கேட்டுட்டாரு. எந்த டீம்லயும் இல்லண்ணேன்னு சொன்னேன். கேட்க வேண்டியதை இன்னும் கேட்கல.