ஆயிரம் அபேட்சகர்கள்

மொடக்குறிச்சி சட்டசபைத் தொகுதியில் 1996-ம் வருஷம் தேர்தலுக்கு நின்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1,033 பேர்! தங்கள் குறைகளைச் சர்க்கார் கவனிக்கவில்லையென்று மனம் நொந்த விவசாயிகள் கூட்டங்கூட்டமாய் மனுத் தாக்கல் செய்தார்கள். வோட்டுச் சீட்டு புத்தகமாயிற்று; தேர்தலும் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. தி.மு.க.வின் ஸ்ரீமதி சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 பேருக்கு ஒரு வோட்டுக்கூட விழவில்லை.

இதற்குக் கிடைத்த பதில் என்ன? அவ்வருஷமே சட்டம் திருத்தப்பட்டு, 250 ரூபாயாயிருந்த டிபாஸிட் தொகை 5,000 ரூபாயாயிற்று. குறையைச் சொல்லப் போனவர்களுக்கு வாசற்படிதான் உயர்ந்தது!

2021-ல் அதே தொகுதியில் அதே அம்மையார், பா.ஜ.க.வின் டாக்டர் சரஸ்வதியிடம் 281 வோட்டுகளில் தோற்றார். தேர்தலில் நிற்கப் பணம் வேண்டும்; வோட்டுப் போடக் காலணாவும் வேண்டாம். அந்த வோட்டின் பெறுமானத்தை மொடக்குறிச்சி அறியும்.