இல்லை என்று சொல்லும் சாப்பாட்டுக் கடை

ஒரு சாப்பாட்டுக் கடை நல்ல கடையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூட்டத்தைப் பார் என்பார்கள் சிலர். சமையற்கட்டை எட்டிப் பார் என்பார்கள் சிலர். என்னைக் கேட்டால், அங்கே "இல்லை" என்று சொல்கிறார்களா என்று பாருங்கள் என்பேன். "இன்றைக்கு அது கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்த கடைதான் நல்ல கடை. இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது நியூயார்க்கில், ஈக்குவடார் நாட்டுக்காரர்கள் நடத்தும் ஒரு சின்னக் கடையில்.

என் மகள் குடும்பம் குயின்ஸ் பகுதியில் இருக்கிறது. இரண்டு தடவை போய் மொத்தம் எட்டு மாதம் தங்கியிருக்கிறேன். அங்கே ஜாக்சன் ஹைட்ஸ் என்றால் நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். 74-ஆம் தெருவில் மளிகை, புடவை, நகை எல்லாம் இந்தியக் கடைகள்தான். அந்தத் தெரு ரூஸ்வெல்ட் அவென்யூவைத் தொடும் இடத்தில் தலைக்கு மேலே, இரும்புத் தூண்கள் மீது, 7-ஆம் எண் ரயில் தடதடவென்று ஓடும். அதன் அடியிலேயே கிழக்கே நடந்தால் கொஞ்ச தூரத்தில் மொழியே மாறிவிடும். பெயர்ப் பலகைகள் எல்லாம் ஸ்பானிய மொழிக்குப் போய்விடும். கொலம்பியா, ஈக்குவடார், மெக்சிகோ என்று வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். நம்மவர்கள் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு 74-ஆம் தெருவோடு திரும்பிவிடுவார்கள். எனக்கோ ஓய்வு பெற்றவனுக்குரிய நேரம் நிறைய இருந்தது. நடந்தேன்.

ஈக்குவடார் எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே கேள்விப்பட்ட ஊர். பிரெஞ்சில் படித்த எங்களுக்கு லா கோந்தமின் என்ற அறிஞரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பூமியின் வடிவத்தைக் கண்டறிய 1735-இல் பிரான்சிலிருந்து கிளம்பி, கீத்தோ பக்கத்து மலைகளில் வருடக்கணக்காக அளந்துகொண்டிருந்த குழுவில் ஒருவர் அவர். நிலநடுக்கோடு அந்த வழியாகப் போகிறது. நாட்டின் பெயருக்கும் அதுதான் பொருள். 1999-இல் அங்கே வங்கிகள் நொடித்தன. அடுத்த ஆண்டு சொந்த நாணயத்தையே விட்டுவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறினார்கள். அந்தக் கஷ்ட காலத்தில் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். குயின்ஸ் அவர்களுக்கு ஒரு பெரிய புகலிடம்.

நான் போன கடையில் எட்டு மேஜை. சுவரில் ஒரு டிவி, அதில் எப்போதும் கால்பந்து. ஒவ்வொரு மேஜையிலும் அஹி என்ற மிளகாய்ச் சட்னி ஒரு கிண்ணம். மரத்தக்காளி என்ற ஒரு பழத்தோடு மிளகாய் சேர்த்து அரைத்தது. ஸ்பானிய மொழி எனக்குத் தெரியாது என்றாலும் பிரெஞ்சு பாதி தூரம் கைகொடுத்தது. சோப்பா என்றால் சூப், லெந்தேகா என்றால் நம் லந்தீய், அதாவது பருப்பு. கடைக்கார அம்மாள் அவர் மொழியில் பேச, நான் பிரெஞ்சில் பேச, காரியம் நடந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அல்முவெர்சோ என்று பெயர். நம்மூர் அளவுச் சாப்பாடு மாதிரிதான். முதலில் ஒரு பெரிய கிண்ணம் சூப். பிறகு தட்டில் சோறு, பக்கத்தில் பருப்போ பயறோ கெட்டியாக வேகவைத்தது, ஒரு துண்டு மீன் அல்லது கறி, வறுத்த வாழைக்காய், கூட ஒரு டம்ளர் பழச்சாறு. இரண்டாவதாக வரும் தட்டுக்குச் செக்கோ என்று ஒரு பெயர் உண்டு. பிரெஞ்சில் செக் என்றால் காய்ந்தது அல்லவா, வறுவல் வரப்போகிறது என்று காத்திருந்தால், குழம்போடு ஆட்டுக்கறி வந்தது! முன்னால் வந்த சூப்போடு வைத்துப் பார்த்தால் அது காய்ந்ததுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பலகையில் கண்ட என்செபொயாதோ வேண்டும் என்று கேட்டேன். அம்மாள் "நோ ஆய்" என்றார். இல்லை என்று அர்த்தம். சனி, ஞாயிறு காலையில் மட்டும்தான் என்று விரலைக் காட்டி விளக்கினார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போனேன். உட்கார இடமில்லை. கட்டட வேலைக்காரர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், கோயில் பூசைக்குப் போகும் வழியில் பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள். என்செபொயாதோ அவர்கள் நாட்டுக் கடற்கரைக்காரர்களின் காலை உணவு. சூரை மீனை வேகவைத்து எடுத்து, அந்தத் தண்ணீரிலேயே மரவள்ளிக் கிழங்கைக் குழைய விட்டு, மேலே எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறிய வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள வாழைக்காய்ச் சிப்ஸும் சோளப்பொரியும். அதைச் சூப்பிலேயே போட்டுச் சாப்பிடுகிறார்கள். மாஹேயில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். கப்பையும் மீனும் எனக்குப் புதிதல்ல. ஆனால் சூப்பில் பொரி போடலாம் என்பது எழுபது வயதுக்கு மேல் கற்ற பாடம்.

அன்றைக்குக் கவனித்தது சாப்பாட்டைவிட மேஜைகளை. ஒருவர் இன்னொருவருக்கு வேலை சொல்கிறார். ஒரு பெண் வாடகைக்கு அறை விசாரிக்கிறாள். ஒரு தாத்தா எல்லா மேஜைக்கும் போய்க் கை கொடுக்கிறார். வாரம் முழுவதும் கிடைக்கும் பண்டமாக இருந்தால் இவர்கள் ஆளுக்கொரு நாள் வந்து, தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஞாயிறு காலைதான் என்பதால்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை வரும் பண்டங்களும் உண்டு. ஃபனேஸ்கா தவக்காலத்துக்கு உரியது, அதிலும் முக்கியமாகப் பெரிய வாரத்துக்கு. கறி கிடையாது. உப்பிட்ட மீன், பால், பூசணி, அதோடு மொச்சை, பட்டாணி, சோளம், வேர்க்கடலை என்று பலவகைத் தானியங்கள். பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்காகப் பன்னிரண்டு தானியம் என்பார்கள். அதில் போடும் சோச்சோ என்ற பயறைக் கசப்புப் போக நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். மீனையும் உப்புப் போக ஊறவைக்க வேண்டும். ஒரு வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு கொலாதா மொராதா வரும். கறுப்புச் சோள மாவும் பழங்களும் பட்டையும் கிராம்பும் சேர்ந்த, ஊதா நிறக் கெட்டிப் பானம். கூடவே குழந்தை உருவத்தில் செய்த ரொட்டி. நம்மூரில் அன்று கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். அவர்கள் இறந்தவர்களை நினைத்து இதைக் குடிக்கிறார்கள்.

என் மகளுக்கு இதெல்லாம் ஒப்பவில்லை. "வியாபாரம்னா கேட்டதைக் குடுக்கணும்பா. இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. ஞாயித்துக்கிழமை வேலை இருக்கறவங்க என்ன செய்வாங்க?" என்றாள். கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்குத்தான் சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் வைத்திருக்கிறார்கள். மற்றதற்கு என் பதில் இது: எட்டு மேஜைக் கடையில் எல்லாம் எப்போதும் வேண்டும் என்றால் வழி ஒன்றுதான், பனிப்பெட்டி. மன்ஹாட்டனில் வெள்ளைக்காரர்களுக்காக நடத்தும் சில இந்திய ஓட்டல்களில் சாப்பிட்டிருக்கிறேன். இருபது பெயர், ஒரே குழம்பு. யார் எதைக் கேட்டாலும் உண்டு; ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. அந்த அம்மாள் எனக்கு "நோ ஆய்" என்று சொன்னது தன் ஊர் வழக்கத்தை வெளியாளுக்காக வளைக்க மாட்டேன் என்பதால். அதை மரியாதைக் குறைவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நமக்கும் இது புதிய செய்தி அல்ல. திருவாதிரைக்குக் களி, ஆடிக்குக் கூழ், சதுர்த்திக்குக் கொழுக்கட்டை என்று நாள் குறித்துத்தான் நம் வீடுகளில் சமைத்தார்கள். இன்றைக்குக் கொழுக்கட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் எந்த நாளும் இருக்கிறது. கைபேசியில் தட்டினால் வீட்டுக்கே வருகிறது. சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த நாளும் கிடைக்கும் கொழுக்கட்டைக்காக யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. நாளை இழந்த பண்டம் கூடவே ஆட்களையும் இழக்கிறது.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சைவர்கள் லொக்ரோ என்ற உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி சூப்பும், யாப்பிங்காச்சோ என்ற உருளைக்கிழங்கு அடையும் கேட்கலாம். சூப் எந்தத் தண்ணீரில் வெந்தது என்று பிள்ளைகளை விட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஜாக்கிரதை, சோறும் கிழங்கும் வாழைக்காயும் ஒரே தட்டில் வரும். "நோ ஆய்" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். எந்த நாள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அந்த நாளில் போங்கள்.