படிப்பும் அதிலே, பராக்கும் அதிலே!

இரவு மணி 11. கல்லூரியில் படிக்கும் மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"என்னடா செய்கிறாய்?" என்று தாய் கேட்கிறாள்.

"படிக்கிறேன், அம்மா!" என்கிறான்.

அவன் சொல்வது மெய்யா, பொய்யா? பாதி மெய், பாதி பொய்!

கைக்குள் வகுப்பறை

செல்போனில் படிப்பு இருக்கிறது. 2020-ம் ஆண்டு கொரோனா பரவியபோது கல்லூரிகள் மூடப்பட்டன. செல்போனே வகுப்பறை ஆயிற்று. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. 9 லட்சத்துக்கும் அதிகமான மாணவ-மாணவிகளுக்காக அந்த அறிவிப்பு வந்தது.

ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் 'என்.பி.டி.இ.எல்.' என்ற திட்டத்தில் வருகின்றன. குக்கிராமத்து மாணவியும் திண்ணையில் உட்கார்ந்து அவற்றை இலவசமாகக் கேட்கலாம். ஏழை வீட்டுக்கு இது பெரிய வரம்.

வாசகசாலைக்குள் திருவிழாக் கடை

ஆனால், வாசகசாலைக்குள்ளே திருவிழாக் கடை போட்டால் எப்படி இருக்கும்? செல்போன் அப்படித்தான் இருக்கிறது. பாடம் கேட்கும்போதே மணி அடிக்கிறது. நண்பனின் செய்தி! அதைப் பார்த்ததும் ஒரு வேடிக்கைப் படம். அது முடியுமுன் இன்னொன்று. ஒரு நிமிடம் என்று தொடங்கியது ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது.

இதற்குப் பையனை மட்டும் திட்டிப் பயன் இல்லை. படங்கள் முடிவில்லாமல் வரும்படிதான் அந்தச் செயலிகள் செய்யப்பட்டிருக்கின்றன. அவன் பார்க்கப் பார்க்க விளம்பரம் ஓடும். கம்பெனிக்குப் பணம் சேரும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2017-ல் வெளியாயிற்று. செல்போனை வேறு அறையில் வைத்தவர்கள், மேஜைமேல் வைத்தவர்களைவிட நன்றாக விடை எழுதினார்கள். இத்தனைக்கும் மேஜைமேல் இருந்த செல்போன்கள் ஓசை எழுப்பவில்லை! பின்னால் நடந்த சில சோதனைகளில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனாலும், செய்து பார்ப்பதில் நஷ்டம் என்ன?

என்ன செய்யலாம்?

செல்போனைப் பிடுங்குவது தவறு. பிடுங்கினால் பாடமும் போய்விடும். பாடத்தை முதலில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு டேட்டாவை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். புத்தகம் படிக்கும் நேரத்தில் செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். தந்தையும் அந்த ஒரு மணி நேரம் தம் செல்போனைக் கீழே வைக்கட்டும்!

கல்லூரிகளுக்கும் பொறுப்பு உண்டு. தேர்வு தேதி, பாடக் குறிப்பு எல்லாவற்றையும் வாட்ஸ்-அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு, "எந்நேரமும் செல்போனா?" என்று கோபிப்பது நியாயமா? அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினால் என்ன?

கடன் வாங்கித் தந்தை கொடுத்த செல்போன் அது. மகனின் படிப்புக்காகக் கொடுத்தது. அது அவனுக்கு வேலை செய்ய வேண்டும். அவன் அதற்கு வேலைக்காரன் ஆகிவிடக் கூடாது!